யாருடைய ஞாயிறு?

காலையுணவும் நண்பகலுணவும் ஒன்றாய்க் கலந்த விருந்துக்கு ஆங்கிலேயர் 'பிரன்ச்' எனப் பெயர் சூட்டினர். 1895ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்னும் எழுத்தாளர் 'ஹண்டர்ஸ் வீக்லி' இதழில் இதற்காக வாதாடிக் கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் களித்திருந்தோர் ஞாயிறு காலை பிந்தி எழலாம். தேநீரில் தொடங்கி மெல்ல மெல்லக் கனத்த உணவுக்குச் செல்லலாம். மனம் மலரும், பேச்சுப் பெருகும் என்பது அவரது வாதத்தின் சாரம். நல்ல வாதந்தான். பிந்தி எழுவோருக்காக முந்தி எழுந்து அடுப்பு மூட்டுவோர் யாவர் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இவ்வழக்கம் கொழும்பிலும் வேரூன்றிவிட்டது. காலிமுகத்திடலை அண்டிய பெரிய விடுதிகளில் ஞாயிறு முற்பகலில் மேசைகள் நிரம்பியிருப்பதைக் காணலாம். அண்மையில் டொரன்டோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பரொருவரின் அழைப்பின் பேரில் நாமும் அத்தகைய விருந்தொன்றுக்குச் சென்றோம். நண்பர் 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு அகதியாய்ச் சென்றவர்.

நீண்ட மேசையின் ஒருபுறம் அப்பமும் இடியப்பமும் பாற்சோறும் கட்டைச்சம்பலும். மறுபுறம் பாணும் பாற்கட்டியும் முட்டைப் பொரியலும் இனிப்புப் பண்டங்களும். உணவின் சுவையை நாம் மறுக்கவில்லை. நெடுங்காலத்தின் பின் சந்தித்த இரு நண்பர்கள் நேரத்தை எண்ணாது உரையாடும் இன்பம் மனித வாழ்வின் உயர்ந்த இன்பங்களுள் ஒன்றாகும். அதனை ஆடம்பரமென்று இகழ்வது எமது நோக்கமன்று.

ஆயினும் நண்பரின் கண்கள் தட்டைக் காட்டிலும் அதனை எடுத்துச் சென்ற கைகளையே தொடர்ந்துகொண்டிருந்தன.

"நான் போன புதிசில ஆறு வருசம் கோப்பை கழுவினனான். ஞாயிற்றுக்கிழமைதான் கோப்பை மலைபோலக் குவியும். மேல ஆக்கள் சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கீழ கேக்கும். ஞாயிறு எண்டால் எனக்கு இண்டைக்கும் அந்தச் சத்தந்தான்" என்றார் அவர்.

பின்னர் தேநீர் கொண்டுவந்த இளைஞரை நோக்கி, "தம்பி, உமக்கு எந்த நாள் லீவு?" என வினவினார்.

"இந்தக் கெழமை செவ்வாய்க்கிழமைங்க சேர். ஆனா ஒரு நாள் லீவுல வீட்டுக்குப் போய்வர முடியாது. ஹட்டனுக்கு அங்கிட்டுத் தோட்டம். பஸ்சிலயே பொழுது போயிடும்" என்றார் இளைஞர். தாயார் அத்தோட்டத்திலேயே கொழுந்து பறிப்பதாகவும், அவருக்கு ஞாயிறே ஓய்வென்றும் தொடர்ந்து சொன்னார்.

தாய்க்கு ஞாயிறு, மகனுக்குச் செவ்வாய். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டுத் தொடக்கிய தேயிலைத் தொழில் தாயை மலையிலே நிறுத்தியிருக்கிறது. அத்தேயிலையைக் கோப்பையில் ஊற்றும் தொழில் மகனை நகரத்துக்கு அழைத்து வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அன்று எம் இருவரில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட விருந்துக் கட்டணம் அதன் பல மடங்காகும்.

ஓய்வுநாள் என்பது இயற்கை வகுத்த விதியன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாட்களையொட்டியே விடுமுறை வகுக்கப்பட்டது. 1971இல் ஞாயிறு மீண்டும் தன் இடத்தைப் பெற்றது. மனிதர் தீர்மானித்தனர், மனிதரே மாற்றினர். வாரத்தில் ஒரு முழுநாளும் ஓர் அரைநாளும் ஓய்வளிக்க வேண்டுமென 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கூறுகிறது. அது பெறுமதியான சட்டமே. எனினும் ஓய்வு கிடைப்பது ஒன்று, உற்றாரோடு கூடியிருக்க ஓய்வு கிடைப்பது வேறொன்று.

"அப்படியானால் இத்தகைய இடங்களுக்கு வராது விடுவதுதான் நேர்மையோ?" என நாம் நண்பரைக் கேட்டோம்.

"வராமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேலையெல்லோ போகும்!" என்று அவர் உடனே மறுத்தார்.

அவரது மறுப்பில் உண்மையுண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், தேவாலயங்களோடு கொழும்பின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. காலையுணவு உண்ணச் சென்றோருடன் பரிமாறி நின்றோரும் மாண்டனர். அதன்பின் விடுதிகள் வெறிச்சோடின. 2020இல் கொள்ளைநோயும் 2022இல் பொருளாதார நெருக்கடியும் தொடர்ந்தன. அக்காலத்தில் வெறுமையாய்க் கிடந்த மேசைகள் பணியாளருக்கு ஓய்வைத் தரவில்லை; வேலையின்மையையே தந்தன.

ஆகவே, விருந்தைத் துறப்பதனால் பயனில்லை. விருந்தினர் கேட்கவேண்டிய கேள்விகள் உள்ளன. எமது பட்டியலில் சேவைக் கட்டணமென நூற்றுக்குப் பத்து வீதம் சேர்க்கப்பட்டிருந்தது. அதில் தமக்கு எவ்வளவு வருமென்று அவ்விளைஞருக்குத் தெரியவில்லை. "மாசக் கடைசில குடுப்பாங்க, கணக்கு காட்டமாட்டாங்க" என்றார். அவர் பெயரால் எம்மிடம் பெறப்படும் பணத்தின் கணக்கை அவர் அறிவது சலுகையாகாது, உரிமையாகும். முறைவைத்து மாதத்தில் ஒரு ஞாயிறையேனும் உள்ளடக்கி, அடுத்தடுத்த இரு நாட்கள் ஓய்வளிப்பதும் பெரிய விடுதிகளுக்கு இயலாத காரியமன்று. பணியாளர் தனித்து நின்று இவற்றைக் கேட்டால் வேலை பறிபோகலாம். தொழிற்சங்கமாய்க் கூடிக் கேட்கும்போது, மேசையின் இப்புறத்தில் அமர்ந்திருக்கும் நாமும் அவர்கள் பக்கம் குரல் கொடுத்தல் வேண்டும்.

நண்பரோடு கூடியுண்ணும் இன்பத்தின் அருமையை நாம் அறிவோம். அறிந்தமையாலேயே அது ஒரு சிலரின் உடைமையாய் நின்றுவிடலாகாது என்கிறோம். மலைநாட்டு லயத்து அறையொன்றிலும் தாயும் மகனும் ஒரே நாளில் பிந்தி எழுந்து, அடுப்பருகே அமர்ந்து, நேரத்தை எண்ணாது ரொட்டியும் சம்பலும் உண்ண முடியுமானால், அன்றே ஞாயிறு இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான நாளாகும்.