கேட்காத கேள்வி

பட்டிப்பொல குளிருக்குப் பெயர் பெற்ற ஊர். இலங்கையிலேயே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம் எங்களூரில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். இக்குளிரினால் ஒரு நன்மையும் உண்டு. உருக்கிய சொக்கலேற்றைத் தட்டில் ஊற்றி யன்னலோரம் வைத்தால், குளிர்சாதனப் பெட்டியின்றியே இறுகிவிடும். சென்ற பங்குனியிலேதான் இதனை அறிந்தேன்.

ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த என் தம்பியின் மகள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே சதுரமான, வறண்ட, சிறு துளைகளிட்ட மெல்லிய ரொட்டிகள். பெயர் மட்சா. அவளுடைய யூதத் தோழி கொடுத்தனுப்பியவை. பஸ்காப் பண்டிகை நாட்களில் யூதர்கள் புளித்த மாவினாற் செய்த எதையும் உண்பதில்லை. மாவில் நீர் பட்டது முதல் 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுப்பதே மட்சா. அந்த வறட்டு ரொட்டியைப் பிள்ளைகள் விரும்பும் பண்டமாக்கும் வழியைத் தோழி வீட்டிலே கற்றிருந்தாள்.

கச்சானை வறுத்துத் தோல் நீக்கி, சிறிது சீனியும் உப்பும் சேர்த்து, எண்ணெய் கசியும்வரை அம்மியில் அரைத்தோம். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. சொக்கலேற்றைக் கொதிநீரின்மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கினோம். ஒரு ரொட்டி, அதன்மேல் கச்சான் விழுது, அதன்மேல் சொக்கலேற், மீண்டும் ரொட்டி என்று அடுக்கினோம். ஐரோப்பிய வழிவந்த யூதர் பலர் இந்நாட்களில் கச்சானையும் தவிர்ப்பது மரபு. தோழியின் வீட்டார் உண்பவர்களாம்.

முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா, உடைந்த மட்சா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம ரொட்டிதானே பாப்பா? மாவும் தண்ணியும். இதைப் போய்ப் பண்டிகைக்கா திங்கிறாங்க?"

பிள்ளை கதையைச் சொன்னாள். எகிப்திலே அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலை பெற்றுப் புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமிருக்கவில்லை. அந்த நினைவாகவே இந்த ரொட்டி. பண்டிகை இரவிலே வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சொல்லி முடித்தவள் சட்டென்று கேட்டாள்: "நாம எப்படி இங்க வந்தோம், அப்பாயி?"

அம்மா வறுத்த கச்சானில் ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே பேசலானார். அவருடைய அம்மாயி சிறுமியாக மண்டபம் முகாமில் தங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தவராம். மடியிலே ஊர்க் கடலை ஒரு பிடி. தீர்ந்துவிட்டால் ஊரே மறந்துபோகும் என்று அஞ்சி, நாளுக்கு ஒன்றாகத் தின்றாராம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற அம்மாவின் தமக்கை, அதே தலைமன்னாரில் கப்பலேறினாராம். வழியனுப்பச் சென்ற அம்மா அவர் மடியிலும் ஒரு பிடி கடலை கட்டிவிட்டாராம்.

நான் கல்லூரியிலே சரித்திரம் கற்பிப்பவன். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து மாண்டவர்களைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். புசல்லாவையிலே 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்ட மொரிஸ் டி வோம்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். என் அம்மாவின் அம்மாயி வந்த கதை மட்டும் தெரியவில்லை.

"இத்தனை காலம் ஏனம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"நீ எங்கேப்பா கேட்டே?" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. யன்னலோரத்துத் தட்டை எடுத்துத் துண்டுகளாக வெட்டினோம். அம்மா இரண்டு தின்றார்.

வரும் தீபாவளிக்கும் வழக்கம்போல முறுக்கும் அதிரசமும் சுடுவோம். ஆனால் பலகாரத் தட்டில் கை வைக்குமுன் வீட்டின் இளைய பிள்ளை அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். அம்மாவுக்கு வயது எழுபத்துநான்கு. உங்கள் வீட்டிலும் அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின், பண்டிகை வரும்வரை காத்திராமல் இன்றே கேளுங்கள்.