தலைமையகம் உள்ள ஊர்

பிலாஸ்பூருக்குக் குடிவரும் தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் ‘ஜோன்’ என்பதாகும். மளிகைக் கடைக்காரரும், ரிக்‌ஷா ஓட்டுபவரும், பள்ளி ஆசிரியரும் அச்சொல்லை உச்சரிக்கும்போது குரலைச் சற்று உயர்த்துவார்கள். தென்கிழக்கு மத்திய ரயில்வே மண்டலத்தின் தலைமையகம் 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வூருக்கு வந்தது. அதை வேண்டி மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1996இல் பெருங்கிளர்ச்சியே நடந்தது. சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் என்னும் நிலக்கரிக் கம்பெனியின் தலைமையகம் 1985 முதல் இங்கே இருக்கிறது. சத்தீஸ்கர் தனி மாநிலமான 2000இல் தலைநகர் என்ற பட்டம் ராய்ப்பூருக்குப் போய்விட்டது. உயர்நீதிமன்றம் மட்டும் இங்கே அமைந்தது. இத்தனையும் சேர்ந்து இவ்வூராருக்கு ஒரு பெருமிதத்தைக் கொடுத்திருக்கின்றன. மனை காட்ட வரும் தரகர்கூட மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுமுன் ஜோனைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிடுவார்.

தலைமையகம் இருப்பதால் ஓர் ஊருக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்ற கேள்வியைச் சில மாதங்களாக மனத்திலே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். படித்தவர்கள் ஆராய வேண்டிய இப்பொருளில், பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். எனக்கு இக்கேள்வியைக் கொடுத்தவர் என் தாயார். ரயில்வே குடியிருப்பு வீடு உத்தியோகம் உள்ளவரைதான் நம்முடையது. “உன் அப்பாவுக்குப் பிறகு நீ இருந்தாய், அதனால் கூரை தலைக்கு மேலே நின்றது. உனக்குப் பிறகு யார் இருக்கிறார்கள்?” என்று அம்மா கேட்டார். என் மனைவியின் நகைகளை விற்றால் ஊர்ப்புறத்தில் ஒரு சிறு மனைக்குப் பணம் தேறும். தலைமையகம் உள்ள ஊரில் நிலத்தின் விலை ஏறுமே தவிர இறங்காது என்று தரகர் சத்தியம் செய்கிறார். அச்சத்தியத்தை நம்பலாமா என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

என் தந்தையார் கல்கத்தாவில் கார்டன் ரீச் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் அவ்விடம் பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமையிடம். 1955 முதல் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். இந்திய ரயில்வேயில் ஒன்பதாக இருந்த மண்டலங்கள் 2002, 2003ஆம் ஆண்டுகளில் பதினாறாகப் பெருகின. அப்பொழுது கார்டன் ரீச்சின் ஆளுகையிலிருந்து ஒரு பகுதி புவனேசுவரத்துக்கும், மற்றொரு பகுதி பிலாஸ்பூருக்கும் பிரிந்து போயின. விருப்பமுள்ள ஊழியர்கள் புதிய தலைமையகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். புதிய இடத்தில் பதவி உயர்வு சீக்கிரம் வரும் என்று எண்ணி அப்பா விருப்பம் எழுதிக் கொடுத்தார். ஒரு டிரங்குப் பெட்டியும், நான்கு அடுக்குத் தூக்குப் பாத்திரமும், நாங்கள் இரண்டு பிள்ளைகளுமாக வந்து இறங்கினோம்.

அப்பொழுது எனக்குப் பதினான்கு வயது. கல்கத்தாவில் இரண்டு பகுதிகள் பிரிந்து போனதை எங்கள் தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. மீன் கடையிலும் டிராம் வண்டியிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிலாஸ்பூரிலோ அதே செய்தி திருவிழாவாக இருந்தது. பெரிய நகரத்துக்குத் தலைமையகம் என்பது கழுத்தில் கிடக்கும் பல சங்கிலிகளில் ஒன்று. சிறிய ஊருக்கு அது தாலிபோல ஆகிவிடுகிறது.

அப்பா நான்கு ஆண்டுகள்தான் இருந்தார். கருணை அடிப்படையில் எனக்குக் கடைநிலை ஊழியர் வேலை கிடைத்தது. பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானேன். ஆகவே தலைமையகம் என்பதை நான் கட்டிடமாகப் பார்க்கவில்லை. அதன் மேஜைகளைத் துடைத்து, அதன் கோப்புகளைச் சுமந்து, பிறகு அக்கோப்புகளில் எழுதவும் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

இவ்வூரார் முதலில் எதிர்பார்த்தது வேலை. ஜோன் வந்தால் நம் பிள்ளைகளுக்கெல்லாம் உத்தியோகம் என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டார்கள். ஆனால் ரயில்வேத் தேர்வை இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் எழுதலாம். எங்கள் அறையிலேயே பீகாரிகளும், ஆந்திரர்களும், ஒடிசாக்காரர்களும், தமிழனாகிய நானும் இருக்கிறோம். இவ்வூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலதிகாரிகளோ மாற்றலுக்கு உட்பட்டவர்கள். சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாங்கும் சம்பளமாவது இங்கேயே செலவாகிறதா என்றால், நம் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் ஊருக்கு அனுப்பும் தொகை எத்தனை என்பதை நம் சங்கத்து அங்கத்தினர்கள் அவரவர் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்நாளில் மணியார்டர், இந்நாளில் கைப்பேசி. பணம் போகும் திசை மாறவில்லை.

அடுத்தது வரி. இத்தனை பெரிய அலுவலகமும் குடியிருப்பும் இருந்தால் நகராட்சிக்குச் சொத்து வரி கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவு மத்திய அரசின் சொத்தின் மீது மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிப்பதைப் பொதுவாகத் தடுத்துவிடுகிறது. தண்ணீர், துப்புரவு போன்ற சேவைகளுக்குக் கட்டணம் வாங்கலாம். அது வேறு விஷயம்.

அப்படியானால் கிடைப்பதுதான் என்ன? கையெழுத்து அருகில் இருப்பது. இதைச் சிறிது விளக்க வேண்டும். 2003க்கு முன் பிலாஸ்பூர் ஒரு கோட்டம். அதன் மேலிடம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கல்கத்தாவில். கோட்ட அதிகாரியின் வரம்புக்கு மேற்பட்ட செலவென்றால் கோப்பு அங்கே போய் வரவேண்டும். பாலத்துக்கு ஒரு பக்கத்தில் நடைபாதை வேண்டுமென்று கேட்கிற மனிதர் அதைக் கண்ணால் பார்க்காத ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. இன்று பிலாஸ்பூர், ராய்ப்பூர், நாக்பூர் ஆகிய மூன்று கோட்டங்களுக்கும் தலைவரான பொது மேலாளர் இவ்வூரிலேயே வசிக்கிறார். மழைக்காலத்தில் சுரங்கப் பாதையில் தண்ணீர் தேங்கினால் அவருடைய வண்டியும் நிற்கிறது. இது சிறிய லாபம் அன்று. ஆனால் இந்தக் கையெழுத்துக்கும் எல்லை உண்டு. புதிய வண்டி விடுவதும், ஒரு நிலையத்தில் வண்டியை நிறுத்துவதும் டில்லியிலுள்ள ரயில்வே போர்டின் காரியம். மண்டலம் சிபாரிசு செய்யலாம். தெற்கே போகும் வண்டிக்காக நம் சங்கத்தார் மனு எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒப்பந்தப் புள்ளிகள் பெட்டியில் போடப்பட்ட காலத்தில், புள்ளி திறக்கும் நாளில் ரயிலடி விடுதிகளில் அறை கிடைக்காது. நாக்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களை நம்பி விடுதிக்காரர், வெற்றிலைக் கடைக்காரர், தட்டச்சுக்காரர் என்று ஒரு கூட்டமே பிழைத்தது. இப்பொழுது எல்லாம் இணையத்தின் வழியே நடக்கிறது. கோப்பும் கணினிக்குள்ளே போய்விட்டது. இது நல்ல மாறுதல். நானே கோப்பு சுமந்தவன், எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆனால் அருகில் இருப்பதன் மதிப்பில் ஒரு பங்கு சத்தமில்லாமல் குறைந்துபோயிற்று.

என் தம்பி கோர்பாவில் இருக்கிறான். நிலக்கரி ஏற்றும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் லாரி ஓட்டுகிறான். கோர்பா 1998 வரை பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. கேவ்ரா, தீப்கா, குஸ்முண்டா என்ற மாபெரும் திறந்தவெளிச் சுரங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2022-23ஆம் ஆண்டில் இக்கம்பெனியின் சுரங்கங்கள் எல்லாவற்றிலுமாக வெட்டியெடுத்த நிலக்கரி 16 கோடி டன்னுக்கும் மேல்; அதில் பெரும் பங்கு கோர்பாவினுடையது. கணக்குப் பார்க்கும் இடம் பிலாஸ்பூர். பிலாஸ்பூருக்கும் மேலே, தாய்க் கம்பெனியான கோல் இந்தியா கல்கத்தாவில். கரி சாம்பா வழியாகப் பெரிய பாதைக்கு வந்து நாடெங்கும் போகிறது. தீபாவளிக்கு வந்த தம்பி என் மகளின் வெள்ளைச் சீருடை கொடியில் காய்வதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, உங்கள் ஊரில் கையெழுத்து இருக்கிறது, எங்கள் ஊரில் கரி இருக்கிறது. அங்கே இப்படிக் காயப்போட முடியாது” என்றான். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிரவு அவன் இருமியதை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.

சுரங்கம் உள்ள மாவட்டங்களின் நலனுக்கென்று தனி நிதி வைக்க வேண்டும் என்று 2015இல்தான் சட்டத்தில் எழுதினார்கள். அதுவரை அதற்கென ஒரு சட்டம் இல்லை என்பதை எண்ணும்போது, தலைமையகத்தின் ஊர் எது, உழைப்பின் ஊர் எது என்ற வித்தியாசம் எனக்குத் தெளிவாகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைவில் தலைமையகம் இருந்தாலே ஊர் கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜாம்ஷெட்பூரில் இருக்கும் நம்மவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எஃகுக் கம்பெனியின் தலைமையகம் பம்பாயில், ஆலை ஜாம்ஷெட்பூரில். எனினும் சாலையும் தண்ணீரும் மருத்துவமனையும் கம்பெனியின் பொறுப்பில் வளர்ந்ததால் அவ்வூர் பெயரெடுத்தது. முடிவு செய்கிறவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும், ஊரின் பொறுப்பை ஏற்கிறாரா என்பதுதான் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. என் கொள்ளுப்பாட்டனார் நாகப்பட்டினத்து ரயில் பட்டறையில் கருமார் வேலை செய்தவர். தென்னிந்திய ரயில்வே அப்பொழுது லண்டனில் பதிவான கம்பெனி. 1920களின் பிற்பகுதியில் அப்பட்டறையைத் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றிவிட்டார்கள். அவரும் சம்மட்டியோடு பொன்மலைக்குப் போனார். நாகையில் வாடகைக்கு ஆள் கிடைக்காமல் வீடுகள் பூட்டிக்கிடந்தன என்று எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். போனது தலைமையகம் அன்று. ஆயிரம் பேர் சோறு தின்ற பட்டறை. பலகை போனால் ஊருக்குப் பெருமை குறையும். பட்டறை போனால் அடுப்பு அணையும்.

பலகை போவதைப் பற்றியும் ஓர் உதாரணம் இருக்கிறது. அலகாபாத் பாங்கி 1865இல் அலகாபாத்தில் தோன்றியது. 1923இல் அதன் தலைமையகம் கல்கத்தாவுக்கு வந்தது. பெயரில் மட்டும் பிறந்த ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று அது நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்து, பெயரும் மறைந்தது. கல்கத்தாவில் கணக்கு வைத்திருந்தவர்கள் அதே கிளைக்குத்தான் தொடர்ந்து போனார்கள். ஆனால் பெரிய கடன் எவருக்குக் கொடுப்பது, எந்த ஊரில் கிளை திறப்பது என்று பேசும் மேஜை கல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் போய்விட்டது. தமிழன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சிறிய மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைப்பானேன்! ஆனால் அலகாபாத்தும் கல்கத்தாவும் இழந்தது ஒரே உத்தரவினால்தான் என்பதையும் கவனித்தேன்.

இவற்றையெல்லாம் ஓர் இரவு என் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “ஆகக்கூடி, தலைமையகத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், என் நகையையும் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கிக்கொண்டு போக முடியாத மண்ணை, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஆபீஸை நம்பி வாங்கச் சொல்கிறீர்கள்” என்றாள். பத்தாம் வகுப்புக் குமாஸ்தா அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மறுநாள் நான் வேறு விதமாக யோசித்தேன். ஜோன் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே பிலாஸ்பூர் ரயில் சந்திப்பாக இருந்தது. ஹௌராவிலிருந்து பம்பாய் போகும் பாதையிலிருந்து கட்னிக்குப் போகும் பாதை இங்கேதான் பிரிகிறது. மண்டலத்தைப் பிரிக்க ஓர் உத்தரவு போதும். 2019இல் விசாகப்பட்டினத்துக்கும் அப்படி ஒரு மண்டலம் அறிவிக்கப்பட்டது. ஆனால் தண்டவாளம் பிரிகிற இடத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. வண்டி ஓட்டுபவர், பாதை பார்ப்பவர், பழுது பார்ப்பவர் ஆகியோர் சந்திப்பில் இருந்தே தீரவேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளும் இருந்தே தீரும்.

இதைத் தரகரிடம் சொன்னேன். தலைமையகத்துக்குப் பக்கத்தில் அவர் காட்டிய மனை வேண்டாம். சந்திப்புக்கு மேற்கே, பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு என்மேல் மதிப்புக் குறைந்துவிட்டது. எனினும் ஓர் இடம் காட்டினார். விலை மூன்றில் இரண்டு பங்குதான். தம்பி குடும்பத்தோடு வந்தால் பின்பக்கம் ஓர் அறை எடுக்கலாம். என் மனைவி தன் வளையல்களை மட்டும் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சங்கிலி அவளிடமே இருக்கும்.

அம்மாவையும் அழைத்துப் போய்க் காட்டினோம். அவர் தலைமையகம் எத்தனை தூரம், சந்திப்பு எத்தனை தூரம் என்று ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “அர்ப்பா ஆறே வெயில் காலத்தில் மணலாகக் கிடக்கிறது. இந்தக் கிணற்றில் வைகாசியில் தண்ணீர் நிற்குமா?” என்று கேட்டார். தரகருக்குத் தெரியவில்லை. அக்கினி நட்சத்திரத்தின்போது மறுபடியும் வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.