கூவாகத்தில் ஒரு பரிசோதனைப் பந்தல்

கூவாகம் திருவிழாவில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் நாளின் மாலை. உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து கூவாகம் போகும் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். இருபுறமும் வளையல், மல்லிகை, மஞ்சள் கயிறு விற்கும் கடைகள். கூத்தாண்டவர் கோயில் வாசலில் பட்டுச் சேலையில் திருநங்கைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அவர்களைத் தேடி வந்த ஆண்களும் கும்பல் கும்பலாகச் சுற்றுகிறார்கள். இருட்டியபின் வயல்வெளிப் பக்கம் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. எச்.ஐ.வி. விழிப்புணர்வுப் பந்தலுக்குத் திருவிழாவில் வேலை இருப்பதும் அதனால்தான்.

பந்தலில் இருந்த களப்பணியாளரும் திருநங்கைதான். ஆணுறையோடு ஜெல் பொட்டலத்தையும் ஓர் இளையவள் கையில் திணித்தார். "தேங்காய் எண்ணெய் தடவாத கண்ணு, உறை கிழிஞ்சிடும்." ஆசனவாய் உறவில் உள்தோல் எளிதில் புண்படும்; கிருமி நுழைய அது வழியாகும்; அதைக் குறைக்கத்தான் ஜெல்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் இவர்களிடையே தொற்று அதிகம்? பக்கத்திலிருந்த மூத்தவர் சிரித்தார். "உறை வேணாம்னா கூடக் காசு தர்றேங்கறான், தம்பி. வாடகை கட்டணுமே. பையில உறை வச்சிருந்தா போலீஸு அதையே சாட்சியாக்குது." தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017 கணக்கில் திருநங்கையரிடையே எச்.ஐ.வி. 3.14 விழுக்காடு, நாட்டின் வயது வந்தோரிடையே 0.22.

அடுத்த மேசையில் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். அரைமணிக்குள் முடிவு. தொற்று இருப்பதாகக் காட்டினால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம்; 2017 முதல், சி.டி.4 எனும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருப்பதில்லை. மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நின்றால், உறவின் வழியே அது பிறருக்குத் தொற்றாது. பெண்மைக்காக எடுக்கும் ஹார்மோன் பலிக்காமல் போய்விடும் என்ற பயத்தில் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

பந்தலில் கூச்சமில்லாமல் கை நீட்டியவர்கள், மருத்துவமனை என்றதும் பின்வாங்கினார்கள். "சீட்டுல பழைய ஆம்பளப் பேரு. அதைச் சத்தமா கூப்பிட்டாங்க. வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது. அதோட நான் போகல" என்றார் ஒருவர்.

பந்தல் திருவிழாவோடு பிரிக்கப்படும். மற்ற நாளெல்லாம் இவர்கள் உயிரைக் காக்க வேண்டியது அந்த மருத்துவமனை வரிசைதான். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் நிலையை வெளியே சொல்வதையும் பாகுபாடு காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடுக்கிறது. அந்த வரிசையில் சிரிப்பு எழாமலிருக்க, சீட்டு எழுதும் ஊழியர்களே, எதிரே நிற்பவரை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எச்.ஐ.வி. பற்றி ஐயமுள்ளவர்கள் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.