கறுத்தப் பாலத்தில் ஒரு காலைப் பொழுது

மாசி மாதத்து விடியற்பொழுதில் மட்டக்களப்பு நகரைவிட்டு, திருகோணமலை நெடுஞ்சாலை வழியாக நாம் நால்வர் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்ட காலம். சாலையின் இடப்புறத்தே, தென்னஞ்சோலைகளின் ஊடாக, வாவியின் நீர்ப்பரப்பு தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. செங்கலடியே அன்று நாம் காண விரும்பிய ஊர்.

செங்கலடியிற் காண்பதற்கு என்ன உண்டு என்று வாசகர்கள் வினவலாம். வானளாவிய கோபுரமோ, பழைய அரண்மனையோ ஆங்கு இல்லை. ஆயினும் பேராதனையிலே தொடங்கி, பதுளை, பிபிலை, மகாஓயா ஆகிய இடங்களைக் கடந்து, மலையும் காடும் வயலும் தாண்டி வருகின்ற நெடுஞ்சாலை கடற்கரைச் சாலையோடு வந்து கூடுமிடம் இச்சந்தியே. அப்பதுளைச் சாலையிற் சிறிது தூரம் சென்றால் கறுத்தப் பாலம் வரும். போரையும் சமாதானத்தையும் பற்றிக் கற்க விரும்பும் மாணவருக்கு அப்பாலம் ஒரு பாடசாலை எனலாம்.

அப்பாடத்தின் முதல் ஏட்டை முந்திய நாள் மாலையிலேயே புரட்டியிருந்தோம். புளியந்தீவிலே, நெடுங்காலம் கச்சேரியாக விளங்கிய பழைய கோட்டையின் மதிலோரம் நின்றபோது எம் நினைவுக்கு வந்தது 1638 ஆம் ஆண்டு. போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து அவ்வாண்டு மே மாதம் 18 ஆந் தேதி கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின், 23 ஆந் தேதி, மட்டக்களப்பிலே இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கலாம் என்பது அதன் மூன்றாம் விதி. மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியிலே 'மன்னர் விரும்பினால்' என்னும் பொருள்படும் சொற்கள் இருந்தன. ஒல்லாந்த மொழிப் பிரதியிலோ அச்சொற்களைக் காணோம்!

சில சொற்களின் குறைவு என்ன செய்யும்? 1656 ஆம் ஆண்டு கொழும்புக் கோட்டை வீழ்ந்தபோது மன்னன் அதனைக் கேட்டான். ஒல்லாந்தர் கொடுக்க மறுத்தனர். போர்ச் செலவுக்கு மன்னன் தரவேண்டிய கடன் தீரவில்லை என்பதும் அவர்கள் கூறிய காரணம். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதனைப் பழமொழியாகச் சொல்வர். மன்னன் ஏமாந்தான் என்பது உண்மை. ஆனால் கோட்டையைச் சூழ வாழ்ந்த மட்டக்களப்பு மக்களை இரு பிரதிகளுள் எதற்கேனும் சம்மதம் உண்டா என்று கேட்டவர் யார்? இவ்வினா எம்மை விட்டு அகலாதிருந்தது.

மறுநாட் காலையிற் சென்ற சாலையும் அவ்வினாவையே மீண்டும் எழுப்பிற்று. நகரைத் தாண்டியதும் வருவது சத்துருக்கொண்டான். 1990 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஓரிரவிலே குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் மக்கள் கொல்லப்பட்ட ஊர் அது. அப்பாற் சென்றால் ஏறாவூர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் இரவிலே கொல்லப்பட்டனர். இரண்டு ஊர்களும் ஒரே சாலையில், ஒரே வாவியின் காற்றை வாங்கிக்கொண்டிருப்பவை. வண்டிக்குள் நாம் எவரும் பேசவில்லை.

ஏறாவூரை அடுத்துச் செங்கலடி. கடைத்தெரு விழித்துக்கொண்டிருந்தது. தேநீர் அருந்திவிட்டுப் பதுளைச் சாலையிலே திரும்பிக் கறுத்தப் பாலத்தை அடைந்தோம். கொக்குகள் நீர்க்கரையில் ஒற்றைக் காலில் நின்றன. மட்டக்களப்பார் வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் கூறுவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை. எழுவான்கரையிற் கடலும் கடைகளும். படுவான்கரையில் வயலும் மாடும். நெல்லும் தயிரும் இங்கு வர, மருந்தும் துணியும் அங்கு போகவேண்டும். ஒன்றின்றி மற்றொன்று வாழாது.

அத்தகைய இரு கரைகளுக்கு இடையே எல்லையாக இப்பாலம் பல்லாண்டு இருந்தது. இப்பாலிருந்தது அரசாங்கப் படை. அப்பாலிருந்தது விடுதலைப் புலிகளின் ஆட்சி. 2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆந் தேதியிட்ட போர்நிறுத்த உடன்படிக்கையிலே பிரதமர் ரணில் விக்கிரமசிங்காவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கைச்சாத்திட்டனர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாரல்லர். நோர்வே நாடு இடைநின்று நடத்திற்று. முன்னரங்கு நிலைகளுக்கு இடையே குறைந்தது 600 மீற்றர் இடைவெளி இருக்கவேண்டும் என்றது அவ்வேடு. போர்க்கருவி அல்லாத பொருள்கள் பெரும்பாலும் தடையின்றிச் செல்லவேண்டும் என்றும் கூறிற்று.

பாலத்தருகே வட்டைக்குப் போகும் முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி எம்மை நோக்கினார். அக்காலத்தைப் பற்றிக் கேட்டோம்.

"மனே, கடுதாசியிலே என்ன எழுதினார்களோ, எனக்குத் தெரியாது. அது எழுதின பிறகு, காய்ச்சலிற் கிடந்த பேத்தியைப் பாலத்தால் கொண்டுவந்து ஆசுப்பத்திரியிற் சேர்க்க முடிந்தது. நான் கண்ட சமாதானம் அதுதான்," என்றார். சற்று நின்று, "அதைக் கிழித்தபோதும் எங்களை ஒருவரும் கேட்கவில்லை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அவர் கூற்றை எண்ணிப் பார்த்தோம். 2002 செப்டெம்பர் முதல் 2003 மார்ச்சு வரை, தாய்லாந்திலும் நோர்வேயிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலுமாக ஆறு சுற்றுப் பேச்சுகள் நடந்தன. கிழக்கின் முஸ்லிம் மக்கள் தமக்கெனத் தனியான ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்டனர். முஸ்லிம் அமைச்சர் ஒருவர் அரசாங்கக் குழுவிலே இருந்தாராயினும், தனிக்குழு அமையவில்லை. படுவான்கரை உழவனுக்கோ எந்தப் பக்கத்திலும் நாற்காலி இல்லை. 2003 ஏப்ரலிலே புலிகள் பேச்சிலிருந்து விலகினர். 2004 இல் அவர்களது கிழக்குப் படையே பிளவுண்டது. 2007 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் படுவான்கரை முழுவதும் அரசாங்கப் படையின் கைக்கு வந்தது. 2008 சனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையினின்றும் முறைப்படி விலகிற்று. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. ஆனால் எந்த உடன்படிக்கையும் எழுதப்படவில்லை. ஏடு இருந்த காலத்திற் போர் மீண்டது. போர் ஓய்ந்த காலத்தில் ஏடே இல்லை.

உலகச் சரித்திரத்தைப் படிக்கும் மாணவர் இவ்விடத்தில் இரண்டு உதாரணங்களை எண்ணிப் பார்த்தல் நன்று. நெப்போலியனுடைய போர்களின் பின் 1814, 1815 ஆம் ஆண்டுகளில் வியன்னாவிற் கூடிய வல்லரசுகள், தோற்ற பிரான்சின் தூதர் தலேராண்டையும் மேசைக்கு அழைத்தன. அதன் பின் ஏறக்குறைய நாற்பதாண்டு காலம் அவ்வல்லரசுகள் தமக்குள் பெரும்போர் செய்யவில்லை. முதலாம் உலக மகாயுத்தத்தின் பின் 1919 ஆம் ஆண்டு வெர்சேயில்சில், வென்றவர்கள் தமக்குள்ளே பேசி முடித்து, ஜெர்மனியிடம் கையொப்பம் மட்டும் கேட்டனர். இருபதாண்டுகளில் இரண்டாம் யுத்தம் மூண்டது. காரணங்கள் வேறும் உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் மேசையைச் சுற்றி யார் அமர்ந்தார் என்பதும் ஏட்டில் என்ன எழுதினார் என்பதும் ஒன்றையொன்று பிரியாதவை. வியன்னாவிலும் அரசர்களும் அமைச்சர்களுமே பேசினர். போலந்து மக்களை எவரும் கேட்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

வெயில் ஏறத் தொடங்கிற்று. பதுளைக்குச் செல்லும் பஸ் வண்டி ஒன்று பாலத்தைக் கடந்தது. அதன் பின்னே, தயிர்ச் சட்டிகளை அடுக்கிக் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று படுவான்கரையிலிருந்து வந்தது. வெள்ளைச் சீருடை அணிந்த சிறுமியர் நால்வர், ஏதோ சொல்லிச் சிரித்தவண்ணம் செங்கலடியை நோக்கிச் சைக்கிளிற் சென்றனர். எவரும் அவர்களை நிறுத்தவில்லை. எவரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. முன்னர் இங்கே ஓர் எல்லை இருந்ததென்பதை அவர்கள் பாட்டன்மார் சொல்லித்தான் அறியவேண்டும்.

பாட்டன்மார் சொல்லட்டும், பிள்ளைகளும் கேட்கட்டும். இனியொரு நாள் இந்நாட்டின் மக்கள் தமக்குள் ஓர் ஏட்டை எழுத உட்காருவார்களாயின், அதன் தமிழ்ப் பிரதியும் சிங்களப் பிரதியும் சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருத்தல் வேண்டும். சத்துருக்கொண்டானும் ஏறாவூரும் அம்மேசையில் அருகருகே அமர்தல் வேண்டும். பேத்தியைச் சுமந்து பாலம் கடந்த முதியவருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருத்தல் வேண்டும். இவ்வெண்ணத்தோடு நாம் கறுத்தப் பாலத்தினின்றும் திரும்பினோம். செங்கலடிச் சந்தியிலே ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொள்ளவும் மறக்கவில்லை.