எந்த ராமசாமி?

கரீபியன் கடல்ல இருக்கிற குவாதலூப் தீவுலேருந்து ஒரு தம்பி, அங்கே கூலி வேலைக்குக் கப்பல்ல போனவங்களோட பழைய பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.
மை மங்கின பிரெஞ்சுக் கையெழுத்து.
ராமசாமி. வயது 22. தகப்பன் முத்துசாமி. விவசாயக் கூலி. காரைக்கால்.
"அக்கா, இவர் எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியுமா?"

மனசு கனத்துப் போச்சு.

டெல்டாவுல தெருவுக்கு நாலு ராமசாமி. தாத்தா பேரையே பேரனுக்கும் வைப்போம்.
வயல் பேரும் அப்படித்தான். கோயில்பத்து எத்தனை ஊர்ல இருக்கு!
காரைக்கால்னு எழுதியிருந்தாலும் அது கப்பல் ஏறின துறைமுகமா மட்டும் இருக்கலாம். தஞ்சாவூர்ச் சீமை சனங்களும் இங்கேருந்து போனாங்களே.

1854 டிசம்பர்ல அப்படிக் கூலிகளை ஏத்திக்கிட்டு 'ஒரேலி' கப்பல் குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1889க்குள்ள அந்த ஒரு தீவுக்கு மட்டும் இந்தியாவுலேருந்து 42,000 பேருக்கு மேல போயிட்டாங்க.
ராமசாமி இன்னிக்கு அங்கே குடும்பப் பேர்.

தம்பிக்கு எழுதினேன்: பேரை மட்டும் பிடிச்சுக்காதீங்க. அம்மா பேர், கப்பல் பேர், பதிவு எண், கூட வந்தவங்க பேர், எல்லாத்தையும் சேர்த்துத் தேடுங்க.

நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, கோட்டுச்சேரி சொந்தங்களே,
கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் பத்தி உங்க வீட்டுல பேச்சு உண்டா?
அவரைப் பெத்தவ பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கா?