அயிரைக்கு ஏற்ற தரை

கோச்சடையில் ஆற்றை ஒட்டித்தான் அம்மாச்சி வீடு. 1959இல் வைகை அணை திறந்தபின் ஆற்றில் தண்ணீர் வருவதும் நிற்பதும் மதகின் கையில். மதகை அடைத்ததும் ஆறு வடிந்து, பள்ளங்களில் மட்டும் கணுக்கால் அளவுக்குத் தெளிந்து கிடக்கும். அங்கேதான் அயிரை. மதுரைக்காரர்களுக்கு அயிரை என்றால் குழம்பு. எனக்கோ மணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு கண்கள். விரலைக் கொண்டுபோனால் அவையும் மறைந்துவிடும்.

அயிரை வளர்க்க மாமா கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரு பை நிறைய நீலமும் சிவப்புமாகச் சாயமேற்றிய உடைகல். அம்மாச்சி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "என் கையவே கீறுதேடா. மண்ணுக்குள்ள மூஞ்சிய விட்டுப் பொழைக்கிற மீன இது மேலயா விடுவ?" குழம்பு வைக்கும்முன் அயிரையைப் பாலில் விட்டு வயிற்று மண்ணைக் கக்க வைப்பவர் அவர். அந்த மீனின் பிழைப்பு அவருக்கு அத்துபடி. அயிரையின் வாயைச் சுற்றி மீசை உண்டு. அதைக்கொண்டு தடவித்தான் இரை தேடும். செதிலோ மிகப் பொடி. கூரான கல்லில் உரசினால் மீசை தேயும், தோல் புண்ணாகும், புண்ணில் பூஞ்சை பிடிக்கும்.

ஆற்று மணலையே அள்ளினோம். சலித்து, வாளியில் போட்டு, மேல்தண்ணீர் தெளியும்வரை அலசியலசிக் கொட்டுவது என் வேலை. இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம் என்றார் மாமா. மணல் ஆழமானால் அடியில் காற்றில்லாமல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். அந்த வாயு மீனைக் கொல்லும்.

கூழாங்கல்லிலும் கண்டிப்புதான். சந்தேகமான கல்லில் எலுமிச்சைச் சாறு விடுவோம். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கடினமாக்கும், வெளியே போய்விடும். பெரிய கல்லை அடிக்கண்ணாடியிலேயே அசையாமல் உட்காரவைத்து, அதன் பிறகுதான் சுற்றி மணல் கொட்ட வேண்டும். மணல்மேல் வைத்தால் மீன் அடியில் துளைக்க, கல் அதன்மேலேயே சரிந்துவிடும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒளிய இடமாக உடைந்த மண்சட்டி. அதன் விளிம்பை அம்மாச்சி அம்மியில் தேய்த்து மழுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் நார் சுரண்டிக் கொதிக்கவைத்த சிரட்டை.

மீன்களை வலையால் அள்ளாமல் டம்ளரில்தான் மொண்டு விட்டோம். அயிரையின் கண்ணுக்குக் கீழே சிறு முள் உண்டு. அது வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். விட்டதும் தலைகீழாக மணலில் பாய்ந்து காணாமல் போயின. விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒன்று வாய் நிறைய மணலை அள்ளும், தாடை அசையும், தின்பதைத் தின்றுவிட்டு மிச்ச மணலைச் செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும். அடுத்த கணமே மேலே ஏறி ஒரு மடக்குக் காற்றை விழுங்கி இறங்கும். அந்தக் காற்றைக் குடலாலேயே உறிஞ்சிக்கொள்ளும் மீன் அது.

தொட்டியில் கொழுத்துவிட்டதே என்று மாமா ஒருநாள் இழுத்தார். அம்மாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொழம்புக்குச் சந்தையில வாங்கிட்டு வா. இது நம்ம வீட்டுப் புள்ள."