துளைக்குள் உருகும் மெழுகு

பாரஃபின் மெழுகு உருகும்போது கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். உறையும்போது அதைத் திருப்பித் தரும். ஆனால் அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான். கலனின் சுவரை ஒட்டிய மெழுகு உருகிவிட்ட பிறகும் நடுவில் கட்டி அப்படியே கிடக்கும். உருகியது ஒழுகவும் செய்யும்.

இரண்டு குறைக்கும் சேர்த்து நான் முதலில் எடுப்பது விரிந்த கிராஃபைட். கந்தக அமிலம் ஏற்றிய கிராஃபைட் செதில்களைக் கனலும் உலையில் சட்டென்று இட்டால், அடுக்குகளுக்கு இடையே பிறக்கும் வாயு அவற்றைப் பிளந்து தள்ளும். செதில் புழுப்போல நீண்டு, பருமனில் நூறு மடங்குக்கும் மேல் உப்பிவிடும். உருகிய மெழுகில் போட்டால் நுண்புழை ஈர்ப்பால் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்போது கை மென்மையாக இருக்க வேண்டும். வேகமாகக் கிளறினால் புழுக்கள் முறிந்துவிடும். வெப்பம் ஓடும் பாதையே அவற்றின் தொடர்ச்சிதான். அச்சில் அழுத்தும் திசையையும் யோசித்தே முடிவு செய்வேன்: அழுத்திய திசையில் கடத்தல் குறையும், அதற்குக் குறுக்கே கூடும்.

மெழுகைப் பிடித்து வைக்கும் தாங்கியில் எல்லோரும் சிறிய துளையைத் தேடுகிறார்கள். சிறிய துளை இறுக்கிப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சில நானோமீட்டர் அகலத்தில் சுவரை ஒட்டிய மூலக்கூறுகளால் ஒழுங்காகப் படிகமாக முடியாது. உருகுநிலை இறங்கும், உள்ளுறை வெப்பம் குறையும். கலவையில் மெழுகு 80 சதவீதம் என்றால் கிலோவுக்கு 160 கிலோஜூல் வர வேண்டும். வெப்ப அளவியில் அதைவிடக் குறைவாக வந்தால், மெழுகில் ஒரு பங்கு துளைக்குள் சும்மா இருக்கிறது என்றே நான் சந்தேகிப்பேன். மைக்ரான் அளவுத் துளைகளில் இந்தத் தொல்லை இல்லை.

மெழுகுக்குப் பதில் உப்பு நீரேறிகளை எடுத்தால் கணக்கே வேறு. கிராஃபைட் நீரை விரும்பாது. அங்கே வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் அவற்றை நன்றாக ஏற்கும், ஆனால் அவை வெப்பத்தைக் கடத்தித் தருவதில்லை.

அச்சில் அழுத்திய வில்லையை வடிதாளின் மேல் வைத்து, உருகுநிலைக்கு மேலே ஓவனில் சூடாக்கிக் கறை பார்ப்பது ஒழுகலுக்கான எளிய சோதனை. கறை படியாத வில்லையிலும் பாதித் துளைகளில் காற்று மிஞ்சியிருக்கலாம்; கிலோவுக்குக் கணக்கிட்ட எண் அதைக் காட்டாது. அதனால் புதிய தாங்கி ஒன்றை யார் கொண்டுவந்தாலும், லிட்டருக்கு எத்தனை கிலோஜூல் என்று கேட்ட பிறகே மற்றதைப் பேசுகிறேன்.